பக்கத்துக்கு அரை இன்ச்

ஜெகதீசனுக்குச் சந்து இடுக்கு என்றாலே ஆகாது. காசிமேட்டில் முப்பது வருஷமாக ஃபைபர் படகு பழுது பார்க்கிற மனுஷன். படகின் வயிற்றில் ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடித்து, கண்ணாடி நாரில் பாய்போல் செய்த 'மேட்'டை வெட்டி வைத்து, ரெசின் என்கிற பிசினைத் தடவி அடைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவான். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. திருவொற்றியூர் குப்பத்தில் இருந்த அவனுடைய இரண்டு அறை வீட்டில் ஜன்னல் சந்து, கதவுச் சந்து, பல்லி போய்வருகிற பொந்து எல்லாமே மிச்ச ரெசினால் அடைபட்டுக் கிடந்தன. "மூச்சு வுடறதுக்காவது ஒரு ஓட்ட வைய்யா" என்று மனைவி மலர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டால்தானே.

இப்பேர்ப்பட்ட ஆள் அடுப்படிக்கு ட்ராயர் செய்தால் எப்படிச் செய்வான்? அந்தக் கூத்தைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் ட்ராயர் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நாலு மாதத்துக்கு முன்னால் மலருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. மார்க்கெட்டில் மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு அம்மாளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். முதலில் பேச்சு திரும்பியது. மலர் என்றால் அதுதானே முதலில் திரும்பும். பிறகு கால் திரும்பியது. வலது கை மட்டும் பாதிதான் திரும்பியது. இழுக்கும், தள்ளும். தூக்காது, இறுக்கிப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்தவளை ஜெகதீசன் தரையில் விடவில்லை. அவள் கையில் இருந்த டம்ளரை வாங்கி அவனே குடிக்கவைத்தான். தோசையைப் பிய்த்து வைத்தான். அவள் கை மிளகாய்த்தூள் டப்பாவை நோக்கி நீளும், அதற்குள் அவன் கை அங்கே போயிருக்கும். "நீ குந்து, நான் எட்த்தாரேன்." இதே பாட்டு காலையிலிருந்து ராத்திரி வரை. ஒருநாள் பரண்மேலிருந்து எண்ணெய்த் தூக்கை இறக்கப் போய்க் கீழே போட்டுவிட்டாள். மறுநாள் பார்த்தால் அடுப்படி வாசலில் குறுக்கே ஒரு ஸ்டூல். தாண்டி வரக்கூடாதாம்.

மலர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். துணியைப் பையில் திணித்துக்கொண்டு கொருக்குப்பேட்டையில் இருக்கும் அக்கா குப்பம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"என் கைக்கு வேல இல்லாத வூட்ல எனுக்கு இன்னா வேல? நானே எட்த்து, நானே வெக்கிறா மாதிரி அடுப்படி ஒண்ணு ஆச்சின்னா சொல்லியனுப்பு, வந்து பாக்கறேன். இல்லாங்காட்டி அக்கா வூடே எனுக்குப் போதும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அது ஜெகதீசனுக்குத் தெரியும்.

ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் படகு வேலை முடிந்து வந்து, அவன் அடுப்படியில்தான் கிடந்தான். பரணைக் காலி செய்தான். அடுப்பு மேடைக்குக் கீழே, மிச்சமிருந்த மெரைன் பிளைவுட்டை அறுத்து ஒரு அலமாரி கட்டினான். அதில் ஐந்து ட்ராயர். மேல் ட்ராயர் மலரின் இடுப்பு உயரத்தில் வரும்படி பார்த்துக்கொண்டான். குமிழ் வைத்தால் அவளால் இறுக்கிப் பிடிக்க முடியாது என்று நாலு விரலும் உள்ளே நுழைகிற மாதிரி நீளக் கைப்பிடி வாங்கினான். மூலைகளை ரெசின் போட்டுக் கல்லாக்கினான். ஒவ்வொரு ட்ராயரையும் அதன் பொந்துக்குள் தள்ளும்போது உள்ளேயிருந்த காற்று 'புஸ்' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வெளியே வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவனுக்கு அத்தனை ஆனந்தம். பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்! வெளியே இழுக்கத்தான் கொஞ்சம் முரண்டு, சேனல் மாட்டினால் தானாக ஓடும் என்று விட்டுவிட்டான்.

"ஞாயித்துக்கெழம பன்னண்டு மணிக்கா வா" என்று போனில் சொன்னான். "வந்து இஸ்துப் பாரு. ஒரு விரலு போதும்."

"பாக்கறேன்" என்றாள் மலர். அவ்வளவுதான் பதில்.

ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஹைரோட்டில் டென்னிஸின் ஹார்டுவேர் கடைக்குப் போனான். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, ட்ராயர் ஓடுவதற்கான சேனல். பதினெட்டு இன்ச் சேனல் ஐந்து ஜோடி கேட்டான். டென்னிஸ் ஒரு ஜோடியைப் பிரித்து, மேஜைமேல் வைத்து, உள்ளே இருக்கும் குட்டிக் குண்டுகள் உருள உருள இழுத்துக் காட்டினான். இரும்புக்குள்ளிருந்து இரும்பு, அதற்குள்ளிருந்து இன்னொரு இரும்பு என்று நீண்டுகொண்டே போயிற்று.

"ஷோக்கா கீதுப்பா" என்றான் ஜெகதீசன்.

"பக்கத்துக்கு அரை இன்ச் வுட்டுக்கினல்ல ண்ணா? இந்தாண்ட அரை, அந்தாண்ட அரை. மொத்தமா ஒரு இன்ச் பொட்டி சின்னதா இருக்கணும். அப்பதான் சேனல் உள்ள குந்தும்."

ஜெகதீசன் துளிச் சந்துகூட விட்டிருக்கவில்லை. இருந்தாலும் முப்பது வருஷ வேலைக்காரன் ஒரு கடைக்காரனிடம் எப்படி இல்லையென்று சொல்வது?

"வுட்டுக்கினு கீறேன், வுட்டுக்கினு கீறேன். எங்கிட்டயே சொல்றியா?" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான்.

வந்து அளந்தான். அளக்கவே வேண்டியதில்லை, இருந்தாலும் அளந்தான். பொந்தின் அகலம் பதினாறு இன்ச். ட்ராயர் பதினாறு இன்ச், ஒரு மயிரிழை குறைவு. அரை இன்ச் எங்கே, அந்த மயிரிழைக்குள் ஒரு விசிட்டிங் கார்டு நுழையாது. ஐந்தும் அப்படியே. ஒன்றாவது கொஞ்சம் தப்பாகச் செய்திருக்கக்கூடாதா? அத்தனை கச்சிதம்.

உலகத்தில் எந்தத் தச்சனும் செய்யாத தப்பு இது. தச்சனுக்குச் சந்து விடத் தெரியும். படகுக்காரனுக்கு அடைக்கத்தான் தெரியும்.

சேனல் இல்லாமலே ஓட்டிவிடலாமா என்று பார்த்தான். மெழுகுவத்தியை எடுத்து ட்ராயரின் இரண்டு பக்கமும் தேய்தேய் என்று தேய்த்தான். உள்ளே போயிற்று. வெளியே இழுக்க, ஒரு காலை அலமாரியில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். 'பொத்'தென்று வந்து, அவனைப் பின்னால் தள்ளி, தரையில் உட்காரவைத்தது. உட்கார்ந்த இடத்திலேயே மலரின் வலது கையை நினைத்துப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஏழு வாரம் பாடுபட்டு, அவளால் திறக்கவே முடியாத ஐந்து பெட்டிகளைச் செய்து வைத்திருக்கிறான். அந்த ஸ்டூலை வாசலில் போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மணி பத்து. பன்னிரண்டுக்குள் ஏதாவது செய்ய வேண்டும். ஐந்தையும் உடைத்துப் புதிதாகச் செய்யலாம் என்றால் பலகை இல்லை. பலகை இருந்தாலும் மூலைகள் ரெசினில் கல்லாகிக் கிடக்கின்றன, உடைத்தால் பிளைவுட்தான் சிதறும். இன்றைக்கு வராதே என்று போன் செய்துவிடலாமா? செய்தால் அவள் என்ன சொல்வாள் என்பதும் தெரியும். 'சரி' என்பாள். அந்தச் 'சரி'க்கு அப்புறம் கூப்பிட மாட்டாள். அவன் ட்ராயரை மறுபடி உள்ளே சொருகிவிட்டுப் போனைக் கையில் எடுத்தான்.

அப்போதுதான் வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது.

"இன்னா ஜெகதீசா, வூட்ல கீறியா?" என்று குப்பம்மாவின் குரல் முதலில் உள்ளே வந்தது. பின்னால் மலர், இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மெள்ளப் படியேறி வந்தாள். கையில் பை எதுவும் இல்லை. மாத்திரை வைக்கிற சின்ன பர்ஸ் மட்டும் இடுப்பில் சொருகியிருந்தது. பை இல்லை என்பதைத்தான் ஜெகதீசன் முதலில் பார்த்தான்.

"பன்னண்டுன்னு தான சொன்னேன்!"

"வெயிலுக்கு முன்னாடி வந்துட்டோம். இன்னா, எட்டி நின்னு பாக்கணுமா, இல்ல டிக்கெட் வாங்கினு வரணுமா?" என்றாள் மலர். அவன் அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தான். வேறு வழியில்லாமல் நகர்ந்தான்.

மலர் உள்ளே போய்ப் பார்த்தாள். கழுவிவிட்ட மேடை, கீழே வரிசையாக ஐந்து ட்ராயர், வழுவழு என்று பளபளக்கிற பலகை. அவள் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். அதைப் பார்க்க நேர்ந்ததுதான் கொடுமை. வலது கையின் நாலு விரலையும் மேல் ட்ராயரின் கைப்பிடிக்குள் நுழைத்து இழுத்தாள். அசையவில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். ம்ஹூம்.

"இரு, நான் எட்த்தா..." என்று அவன் கை தானாக நீண்டது. மலர் திரும்பிப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

"கெளம்பலாமாடி?" என்றாள் குப்பம்மா.

ஜெகதீசன் எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பு இல்லை. சேனல் பையைக் காட்டி, டென்னிஸ் சொன்னதைச் சொல்லி, பக்கத்துக்கு அரை இன்ச் விட வேண்டியது தனக்குத் தோன்றவே இல்லை என்று ஒப்புக்கொண்டான். "சந்து வுட்றதுன்னு ஒண்ணு கீதுன்னே எனுக்குத் தெரில மலரு" என்றான்.

மலர் ட்ராயரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஜன்னல் சந்தில் காய்ந்துபோயிருந்த ரெசினைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். இழுத்துக்கொண்டதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"யோவ், இன்னாய்யா இது? ட்ராயரா, போட்டா? அடுப்படிக்குள்ள அல வந்துடும்னு பயந்துகினியா?"

"சிரிக்காத. எனுக்கு மானம் போவுது."

"பூட்ச்சி, வுடு. சரி, இத்த கேளு. போன வருசம் பகலவன் அண்ணனோட போட்ட நடுவால அறுத்து ரெண்டடி நீட்னியே, நெனப்பு கீதா?"

"ஆமா."

"அவ்ளோ பெரிய போட்ட நீட்டத் தெரிஞ்சவனுக்கு, இத்தினிக்கோண்டு பொட்டிய ஒரு இன்ச் கொறைக்கத் தெரியாதா?"

ஜெகதீசன் குனிந்து ட்ராயரின் முகப்பில் நடுவாக விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான். ஒரு மணி நேரமாகப் படகுக்காரன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தானே தவிர, படகுக்காரனாக ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. நடுவில் ஒரு இன்ச் பட்டையை அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் சேர்த்து, மேட் வைத்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது. தினமும் செய்கிற வேலை!

"அஞ்சும் முடிக்க ராத்திரி ஆய்டும்" என்றான்.

"அஞ்சு இன்னாத்துக்கு? ஒண்ண ஓட்டிக் காட்டு. ஒண்ணு ஓட்ச்சின்னா மத்த நாலும் ஓடும்."

"சோறு?" என்றாள் குப்பம்மா. அவள் கேட்டதில் தப்பில்லை.

"கடையில வாங்கினு வாக்கா. அடுப்படி இன்னும் எனுக்கு வர்ல" என்றாள் மலர்.

மேல் ட்ராயரை முட்டுக்கொடுத்து வெளியே இழுத்து, கைப்பிடி வைத்த முகப்புப் பலகையின் ஸ்க்ரூவைக் கழற்றித் தனியே வைத்தான். பெட்டியை வாசலுக்குத் தூக்கிப்போய் நடுவில் இரண்டு கோடு போட்டான். கட்டிங் மெஷின் கத்தியது, தெருவெல்லாம் மரத்தூள் பறந்தது. பட்டை விழுந்தது. இரண்டு பாதியையும் சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கினான். உள்பக்கம் தேய்த்து, மேட்டை வெட்டி வைத்து, வெயிலின் சூட்டுக்குத் தக்கபடி ரெசினில் அதை இறுகவைக்கிற ஹார்ட்னரைக் கலந்தான்.

பிரஷை எடுக்கப் போனபோது அதை மலர் எடுத்துவிட்டாள். வலது கையில் அதைச் செருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க குத்தணும், காட்டு."

"இது கலீஜ் வேல மலரு, நாத்தம் அடிக்கும்..."

"மீனு விக்கிறவளுக்கு நாத்தத்தப் பத்தி நீ சொல்றியா?"

அவன் காட்டினான். மேட்டுக்குள் ரெசின் இறங்கும் வரை பிரஷால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, கவருக்குள் பிரஷ் நின்றால் போதும். இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டு தடவையும் அவளே குனிந்து எடுத்தாள். அந்த இரண்டு தடவையும் ஜெகதீசன் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான். அதைவிடக் கஷ்டமான வேலை அன்றைக்கு அவன் செய்யவில்லை. அவள் குத்திய இடம் அவன் குத்துவதுபோல் சமமாக இல்லை, அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது. அதைத் திருத்த அவனுக்குக் கை ஊறியது. திருத்தவில்லை.

திருவொற்றியூர் வெயிலில் ரெசின் அரை மணி நேரத்தில் சூடேறி இறுகியது. அதற்குள் குப்பம்மா பிரியாணியோடு வந்தாள், தின்றார்கள். பெட்டியைத் தூக்கிப்போய்ப் பொந்தில் வைத்துப் பார்த்தான். இந்தப் பக்கம் அரை இன்ச், அந்தப் பக்கம் அரை இன்ச். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சந்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

சேனலைப் பிரித்தான். மெல்லிய பாகம் ட்ராயரின் பக்கத்துக்கு, தடித்த பாகம் அலமாரிக்கு. ஸ்க்ரூ முடுக்கி, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று விட்டுத் தள்ளினான். பாதி போய் நின்றுவிட்டது.

"போச்சுடா" என்றாள் குப்பம்மா.

"இருக்கா, இரு." குனிந்து பார்த்தான். ஒரு பக்கச் சேனல் மற்றதைவிட ஒரு நூல் மேலே ஏறியிருந்தது. சேனலில் சில ஓட்டைகள் ஏன் வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கின்றன என்று காலையிலிருந்து அவனுக்குச் சந்தேகம். இப்போது புரிந்தது. தப்பு செய்பவனுக்கென்றே யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து வைத்திருக்கிறான். ஸ்க்ரூவைத் தளர்த்தி, சேனலைக் கீழே தட்டி, மறுபடி முடுக்கினான். முகப்புப் பலகையை மாட்டினான். மூடினான். தானே இழுத்துப் பார்க்கலாம் என்று கை போயிற்று. வேண்டாம் என்று எழுந்து, சுவரோரம் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீயே பாரு."

மலர் வந்து நின்றாள். விரல்களைக் கைப்பிடிக்குள் நுழைத்தாள். இரண்டு விரல்தான் நுழைந்தது. இழுக்கும்போது அதுவும் நழுவியது. முதுகுக்குப் பின்னால் ஜெகதீசனின் கைகள் ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டன. மலர் கையை ஒருமுறை உதறிவிட்டு, இந்தத் தடவை நாலு விரலையும் கொக்கி போட்டு இழுத்தாள்.

ட்ராயர் வந்தது. 'சர்ர்' என்ற சின்னச் சத்தத்தோடு, தடையே இல்லாமல், முழுசாக வந்து அவள் வயிற்றைத் தொட்டு நின்றது. புறங்கையால் தள்ளினாள், போய் மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தாள். மறுபடி தள்ளினாள். அவள் முகத்தைப் பார்க்க ஜெகதீசனுக்குத் தைரியம் வரவில்லை. கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

மலர் மிளகாய்த்தூள் டப்பாவை இரண்டு கையாலும் நகர்த்தி வந்து ட்ராயருக்குள் இறக்கினாள். உப்பு ஜாடியை இறக்கினாள். பிறகு இடுப்பிலிருந்த பர்ஸை எடுத்து, மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, ஜாடிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தாள். மூடினாள்.

"அக்கா, நீ கெளம்பு. எந்துணியெல்லாம் உன் வூட்டு மச்சான்கிட்ட குட்தனுப்பு. பச்சப் பொடவ கொடியில காயுது, மறந்துடாத."

குப்பம்மா தங்கையையும் பார்த்தாள், தங்கை புருஷனையும் பார்த்தாள். "ஏழு வாரம் என்னப் பேஜாரு பண்ட்டு, ஒரு பொட்டி ஓட்ன ஒடனே பூட்டியே" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். ஆனால் அவளுக்கும் சிரிப்புதான்.

ஜெகதீசன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். நாலு மாதமாக அவன் சரியாக மூச்சே விடவில்லை என்பது இப்போது விட்ட மூச்சில்தான் அவனுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கட்டிங் மெஷினை எடுத்தான்.

"மத்த நாலையும் இன்னிக்கே அறுத்துட்றேன். விடியறதுக்குள்ள முடிச்சிட்றேன்."

மலர் ட்ராயரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா செய்யிய்யா. நான் இன்னா, எங்கனா போவப்போறனா?"